பைலட்

மைனஸ் முப்பத்தெட்டு.
காலை நாலு பத்துக்கு
ஊரின் அழுத்தம் இறங்கத் தொடங்கியது.
மூன்று பாரில் நிற்க வேண்டிய முள்
இரண்டு எட்டில் நின்று யோசித்தது.
பிறகு இரண்டு ஐந்து.
"அக்மாரல்" என்றான் தூலெகென்.
வாய் ஓயாத ஆள்.
ஒரே சொல்லோடு அவன் நிறுத்தி
அதுவரை நான் கேட்டதில்லை.

பெரிய வால்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.
படுத்திருக்கும் கன்றுக்குட்டி அளவு இரும்பு,
சாம்பல் பெயின்ட்.
எம்பா ஆற்றுக்கு இப்பால் இந்த வெட்டவெளிக்கு
தலைநகரிலிருந்து வருகிறவர்கள்
அதைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்,
அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.
அது ஒரு முடிவும் எடுப்பதில்லை.

எடுப்பது, அதன் தோளில் திருகியிருக்கும்
தேநீர்க் கிண்ணம் அளவுப் பித்தளை.
உள்ளே ஒரு ரப்பர் சவ்வு.
ஒரு பக்கம் சுருள்வில்.
மறுபக்கம், ஊரின் பக்கமிருந்து திரும்பி வரும்
பென்சில் தடிமன் குழாய்.
ஊர் அடுப்பு மூட்டினால்
அந்தக் குழாயில் மூச்சு தளரும்;
வில் சவ்வைத் தள்ளும்;
ஊசிமுனைத் துளை ஒன்று திறக்கும்;
அதில் நுழையும் கொஞ்சம் வாயு
பெரியதின் வயிற்றுக்குள் போய்
எழுந்திரு என்னும்.
எழும்.
போதும் என்றால் உட்காரும்.
நாளுக்கு எத்தனை ஆயிரம் தடவையோ,
எண்ணியவர் இல்லை.

ஆனால் அழுத்தம் இழக்கும் வாயு குளிரும்.
ஐம்பத்தைந்து பாரிலிருந்து மூன்றுக்குக் குதிக்கையில்
கையிலிருந்த சூட்டையும் போட்டுவிட்டுத்தான் வரும்.
அன்றிரவு பார்த்து சூடேற்றி அணைந்திருந்தது.
எங்கோ வழி தவறிய ஒரு சொட்டு ஈரம்
துளையில் போய் உட்கார்ந்து
கல்லாகிவிட்டது.

கடுகுக்கும் சிறிய கல்.
எழுந்திரு என்று சொல்ல ஆளில்லாமல்
இரும்பு படுத்துக்கொண்டது.
அந்தப் பக்கம் பதினோராயிரம் வீடு.

"பக்கவழியை நான் பிடிக்கிறேன், நீ போ" என்றான்.
பக்கவழிக் குழாயில் ஒரு கைச்சக்கரம் உண்டு.
அதற்கு ஊரும் தெரியாது, குளிரும் தெரியாது,
திருப்பினால் திறக்கும், அவ்வளவுதான்.
தெரிந்துகொள்ள வேண்டியது தூலெகென்.

நெருப்பு காட்டக் கூடாது, வெந்நீர்தான்.
தேநீருக்கு வைத்த கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
பித்தளை மேல் ஊற்றியது
என் பூட்ஸைத் தொடும்போது பனிக்கட்டி.
திரும்பி ஓடினேன்.
கெட்டில் கொதிக்க எடுத்த நேரத்தை
இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

அவனோ, முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
மூன்று நாலு, திருப்பி மூடினான்.
இரண்டு நாலு, திருப்பித் திறந்தான்.
ஊரையே ஊஞ்சலில் வைத்து ஆட்டினான்.
முள் விழுவதைப் பார்த்துவிட்டுத் திருப்பினால்
எப்போதும் தாமதம்.
ஏழெட்டு ஆட்டத்துக்குப் பிறகு
திருப்புவதை விட்டுவிட்டு
சக்கரத்தைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தான்,
விரலால் கேட்கிற மாதிரி.
முள் மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நடுங்கி
நின்றது.

இரண்டாவது கெட்டிலின் பாதியில்
பித்தளைக்குள் ஒரு சீறல்.
பெரியதின் தண்டு விரற்கடை உயர்ந்தது.
"விடு" என்று கத்தினேன்.
விடவில்லை.
ஒரு ஊரை இரண்டு பேர் பிடித்தால்
இழுபறிதான்; அது அவனுக்கும் தெரியும்.
இருந்தும், அந்தப் பக்கம் திறக்கத் திறக்க
இந்தப் பக்கம் மயிரிழை மயிரிழையாக மூடி
கடைசியில்தான் கையை எடுத்தான்.
எடுத்த கை
சக்கரத்தின் வளைவிலேயே இருந்தது,
கெட்டிலைக் கொடுத்தபோது பிடிக்க முடியவில்லை.

ஏழு மணிக்கு அவன் மனைவி ஜிபெக் போன் செய்தாள்.
அடுப்பு ஏதாவது ஆடியதா என்று கேட்டான்.
பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொன்னாளாம்,
இவள் தூங்கிவிட்டாளாம்,
வரும்போது ரொட்டி வாங்கி வர வேண்டுமாம்.

பதிவேட்டை நான் எழுதினேன்.
நாலு பத்து முதல் நாலு ஐம்பத்திரண்டு வரை.
காரணம்: ஒரு சொட்டு.
'கட்டுப்படுத்திய கருவி' என்றொரு கட்டம்.
அங்கே பேனா நின்றுவிட்டது.
மையும் உறைந்திருந்தது என்று
வைத்துக்கொள்ளுங்கள்.